ரத்தத்தின் விதைநெல்

சிவப்பணுவுக்குப் பிள்ளைகுட்டி கிடையாது. எலும்பு மஜ்ஜையை விட்டு ரத்தத்தில் இறங்கும் முன்பே அது தன் உட்கருவைக் கழற்றி எறிந்துவிடுகிறது. உட்கரு போனால் டிஎன்ஏவும் போயிற்று. டிஎன்ஏ இல்லாத செல்லால் இரண்டாகப் பிரிய முடியாது, தேய்ந்த பாகத்தைப் புதிதாகச் செய்துகொள்ளவும் முடியாது. காலியான இடத்தையெல்லாம் ஹீமோகுளோபினால் நிரப்பிக்கொண்டு, தன்னைவிடக் குறுகலான நுண்குழாய்களில் மடங்கி நெளிந்து, சுமார் 120 நாள் ஆக்சிஜன் சுமக்கிறது. பிறகு மண்ணீரலும் கல்லீரலும் அதைப் பிரித்துப்போட்டு இரும்பை மட்டும் எடுத்து வைத்துக்கொள்கின்றன. இப்படி நம் உடலில் ஒவ்வொரு நொடியும் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட சிவப்பணுக்கள் மடிகின்றன. அதே நொடியில் ஏறக்குறைய அதே எண்ணிக்கை புதிதாக வந்து சேருகிறது. இந்தக் கட்டுரையை நீங்கள் படித்து முடிப்பதற்குள் அந்தக் கணக்கு 100 கோடியைத் தாண்டிவிடும்.

தானாகப் பிரியத் தெரியாத ஒன்று இந்த வேகத்தில் எங்கிருந்து வருகிறது? ஸ்டெம் செல் பற்றிய பேச்சை இந்தக் கேள்வியில் தொடங்குவதுதான் நியாயம். ஏனென்றால் இதுவரை ஸ்டெம் செல் மருத்துவம் உறுதியாகச் சாதித்தவற்றில் பெரும்பகுதி இந்தக் கேள்விக்கான விடையிலிருந்து பிறந்தது. விளம்பரங்களில் வரும் மற்ற பலவற்றுக்கு அந்தத் தகுதி இல்லை.

முதலில் செல் எப்படி இரண்டாகிறது என்று பார்த்துவிடலாம். அதைப் படிப்படியாகக் கண்டு வரைந்து வைத்தவர் ஜெர்மனியின் கீல் நகரில் உடற்கூறியல் பேராசிரியராக இருந்த வால்டர் ஃபிளெமிங். சாலமாண்டரின் குஞ்சுகளை அவர் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் எளிது: அவற்றின் செல்களும் பெரியவை, குரோமோசோம்களும் பெரியவை. துணிக்குச் சாயமேற்றுவதற்காக அப்போது புதிதாக வந்திருந்த அனிலின் சாயங்களைச் செல்களில் ஏற்றிப் பார்த்தார். உட்கருவுக்குள் இருந்த ஒரு பொருள் சாயத்தை இறுகப் பிடித்துக்கொண்டது. அது இழை இழையாகத் திரண்டது. ஒவ்வோர் இழையும் நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, ஒரு பாதி இந்தப் பக்கமும் மறுபாதி அந்தப் பக்கமும் நகர்ந்தது. 1882-ல் வந்த அவருடைய புத்தகத்தின் படங்களை இன்று ஒரு பிளஸ் டூ மாணவர் பார்த்தால், தன் பாடப்புத்தகத்துப் படம் என்றே நினைத்துக்கொள்வார். மரபு பற்றிய மெண்டலின் ஆய்வு அச்சாகிப் பதினாறு ஆண்டுகள் ஆகியிருந்தும் யாரும் அதைக் கண்டுகொள்ளாத காலம் அது. தான் பார்த்த இழைகள்தாம் மரபைச் சுமப்பவை என்று ஃபிளெமிங்குக்குத் தெரியாது.

மனித செல் ஒன்றுக்குள் 46 குரோமோசோம்கள் இருக்கின்றன. அவற்றின் டிஎன்ஏவைப் பிரித்து நீட்டினால் ஏறத்தாழ 2 மீட்டர் வரும். அதில் சுமார் 600 கோடி எழுத்துகள். பிரிவதற்கு முன் இத்தனையையும் ஒருமுறை நகலெடுத்தாக வேண்டும். ஆய்வகத் தட்டில் வளரும் மனித செல் ஒரு சுற்று முடிக்கச் சுமார் 24 மணி நேரம் எடுத்துக்கொள்கிறது. கண்ணுக்குத் தெரிகிற பிரிவு அதில் ஒரு மணி நேரம்தான். மீதியெல்லாம் நகலெடுப்பும் சரிபார்ப்பும். குரோமோசோம்களை இருபுறமும் இழுக்கும் நுண்ணிழைகள் ஒவ்வொன்றாக அவற்றில் மாட்டிக்கொள்கின்றன. 45 மாட்டி ஒன்று மட்டும் மாட்டாமல் நின்றாலும் செல் காத்திருக்கும். அந்தக் கடைசி ஒன்றும் சரியாக மாட்டிய பிறகே இழுவை தொடங்கும்.

எப்போது பிரிய வேண்டும் என்பதைச் செல் எப்படி அறிகிறது? 1982-ல் அமெரிக்காவின் வுட்ஸ் ஹோல் கடல் ஆய்வகத்தில் டிம் ஹன்ட் கடல் முள்ளெலிகளின் முட்டைகளை வைத்து ஆராய்ந்துகொண்டிருந்தார். ஒரு புரதம் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்துவந்து, செல் பிரியும் நேரத்தில் சட்டென்று காணாமல் போயிற்று. அடுத்த சுற்றிலும் அப்படியே. அதற்கு அவர் சைக்ளின் என்று பெயர் வைத்தார். ஈஸ்ட்டில் இதே கேள்வியைத் துருவிக்கொண்டிருந்த லேலண்ட் ஹார்ட்வெல், பால் நர்ஸ் இருவரோடும் 2001-ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். சைக்ளின் போன்ற புரதங்களின் ஏற்ற இறக்கம் கட்டுப்பாட்டை இழக்கும்போது செல் நிற்கத் தெரியாமல் பிரிகிறது. புற்றுநோய் என்பது இதுதான்.

ஆக, பிரிதல் செலவு பிடிக்கும் காரியம், ஆபத்தும் உடையது. எத்தனை நொதிகள் திருத்தினாலும் ஒவ்வொரு பிரிவிலும் ஓரிரு எழுத்து தவறிப்போகிறது. இன்னொரு வரம்பும் உண்டு. சாதாரண மனித செல்கள் ஆய்வகத்தில் 40 முதல் 60 முறை பிரிந்ததும் நின்றுவிடுகின்றன என்று 1961-ல் லெனார்ட் ஹேஃப்ளிக் காட்டினார். குரோமோசோம் முனைகளிலுள்ள டெலோமியர்கள் ஒவ்வொரு பிரிவிலும் தேய்வதுதான் காரணம் என்பது பின்னால் தெரியவந்தது. ஒருபுறம் நொடிக்கு 20 லட்சம் வேண்டும். மறுபுறம் ஒவ்வொரு பிரிவும் ஆயுளைக் குறைக்கும். உடல் இதைச் சமாளிக்கும் விதம்தான் ஸ்டெம் செல்.

மஜ்ஜையில் ரத்தம் பிறப்பிக்கும் மூலச் செல்கள் மிகக் குறைவு. ஆரோக்கியமான நடுத்தர வயதினர் ஒருவரின் ரத்தத்தில் இயல்பாகச் சேர்ந்திருந்த மரபுத் தவறுகளை வைத்துக் கணக்கிட்டவர்கள், 50,000-லிருந்து 2 லட்சம் வரை என்று 2018-ல் அறிவித்தார்கள். இவை ஓடியாடிப் பிரிவதில்லை. ஆண்டுக்கு ஓரிரு முறை பிரிந்தால் அதிகம். அப்படிப் பிரியும்போது ஒரு மகள் செல் தாயைப் போலவே ஸ்டெம் செல்லாகத் தங்கிவிடுகிறது. மற்றது வேலைக்குப் போகிறது. அது பிரிந்து, அதன் மக்கள் பிரிந்து, பேரப்பிள்ளைகள் பிரிந்து, கடைசியில் சிவப்பணுவாகவோ வெள்ளையணுவாகவோ தட்டணுவாகவோ உருத்திரண்டு முடிகிறது. பெருக்கமெல்லாம் இந்தக் கீழ்த்தலைமுறைகளில்தான் நடக்கிறது. எவ்வளவு பஞ்சம் வந்தாலும் விதைநெல்லை அடுப்பில் ஏற்றாத குடியானவன் செய்வதைத்தான் மஜ்ஜை செய்கிறது. ஸ்டெம் செல்லின் திறமை வேகமாகப் பிரிவது என்றுதான் பொதுவாக நினைக்கிறோம். உண்மையில் பிரியாமல் இருப்பதுதான் அதன் பெரிய திறமை.

அந்தக் கையிருப்பும் ஒரு நாள் கரையும். ஹெண்ட்ரிக்யே வான் ஆண்டெல்-ஷிப்பர் என்ற டச்சுப் பெண்மணி 2005-ல் தம் 115-ஆம் வயதில் காலமானார். உடலை ஆராய்ச்சிக்கு எழுதி வைத்திருந்தார். அவருடைய ரத்தத்தை ஆராய்ந்தவர்கள் 2014-ல் வெளியிட்ட முடிவு திகைப்பானது: அவருடைய வெள்ளையணுக்களில் பெரும்பகுதி வெறும் இரண்டே ஸ்டெம் செல்களின் வாரிசுகள். மற்ற வம்சங்கள் பெரும்பாலும் அற்றுப்போயிருந்தன.

இப்படி ஒரு செல் உண்டு என்பது எப்படித் தெரியவந்தது? ஹிரோஷிமாவுக்குப் பின் வந்த ஆண்டுகளில், கதிர்வீச்சுக்கு ஆளானவர்கள் ஏன் இரண்டு மூன்று வாரங்களில் ரத்தம் வற்றிச் சாகிறார்கள் என்பது ராணுவங்களுக்கும் மருத்துவர்களுக்கும் அவசரக் கேள்வியாக இருந்தது. கனடாவின் டொரண்டோவில் ஜேம்ஸ் டில் என்ற இயற்பியலாளரும் எர்னஸ்ட் மக்கல்லக் என்ற மருத்துவரும் எலிகளுக்குச் சாகும் அளவு கதிர்வீச்சு கொடுத்து, பிறகு வேறு எலிகளின் மஜ்ஜையைச் செலுத்திக் காப்பாற்றிக்கொண்டிருந்தார்கள். சுமார் பத்து நாள் கழித்து எலிகளை அறுத்துப் பார்த்தபோது மண்ணீரலில் கொப்புளம் கொப்புளமாகப் புடைத்திருந்தது. வேறொருவராக இருந்தால் குறித்துவைத்துவிட்டு நகர்ந்திருப்பார். மக்கல்லக் எண்ணினார். செலுத்திய மஜ்ஜைச் செல்களின் எண்ணிக்கை கூடக்கூடக் கொப்புளங்களும் அதே விகிதத்தில் கூடின. ஏறக்குறைய 10,000 செல்லுக்கு ஒரு கொப்புளம். 1961-ல் இது வெளியானது. ஒரு கொப்புளம் ஒரே செல்லின் வம்சம்தான் என்பதை, கதிர்வீச்சால் குரோமோசோமில் அடையாளம் ஏற்படுத்தி, ஆண்ட்ரூ பெக்கருடன் சேர்ந்து 1963-ல் நிறுவினார்கள். ஒரே வம்சத்துக்குள் சிவப்பணுவாகும் செல்களும் வெள்ளையணுவாகும் செல்களும் தட்டணுவைத் தரும் செல்களும் கலந்திருந்தன. இவ்வளவுக்கும் இவர்களுக்கு நோபல் கிடைக்கவில்லை. நோபல் குழுவின் விடுபடல்களில் இது எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே உறுத்தும்.

எலிக்கு நடந்ததை மனிதருக்குச் செய்ய முயன்றவர் அமெரிக்க மருத்துவர் டொனால் தாமஸ். 1957-ல் அவர் வெளியிட்ட அறிக்கையில் ஆறு நோயாளிகள். ஒருவரும் நீண்ட நாள் பிழைக்கவில்லை. பலர் இந்த வழியையே கைவிட்டார்கள், அவர் விடவில்லை. திசுப் பொருத்தம் பற்றிய அறிவு வளர வளர முடிவுகளும் மாறின. 1990-ல் அவருக்கு நோபல் கிடைத்தது. இந்தியாவில் முதல் மஜ்ஜை மாற்று 1983-ல் மும்பை டாடா நினைவு மருத்துவமனையில் நடந்தது. 1986-ல் வேலூர் சிஎம்சியிலும் தொடங்கியது.

கீமோதெரபி எடுப்பவர்களுக்கு முடி ஏன் கொட்டுகிறது, வாய் ஏன் புண்ணாகிறது, ரத்த அணுக்கள் ஏன் சரிகின்றன என்பதற்கும் இங்கேதான் விடை இருக்கிறது. அந்த மருந்துகளில் பல, பிரிந்துகொண்டிருக்கும் செல்லைத் தாக்குபவை. முடிவேர், வாய் மற்றும் குடலின் உட்சுவர், மஜ்ஜை ஆகிய இடங்களில்தான் செல்கள் ஓயாமல் பிரிகின்றன. அதனால் புற்றோடு சேர்ந்து இவையும் அடிவாங்குகின்றன. ஆனால் உறங்கிக் கிடக்கும் ஸ்டெம் செல்கள் பெரும்பாலும் தப்பிவிடும். மூன்று வாரம் பொறுத்தால் அணுக்கள் ஏறுவது அதனால்தான். மருந்தின் அளவைப் பல மடங்கு கூட்டினால் ஸ்டெம் செல்களும் அழியும். அப்போது வெளியிலிருந்து புதிய ஸ்டெம் செல் தந்தே ஆக வேண்டும். அதுதான் மஜ்ஜை மாற்று.

பெயர் பெரிதாக இருந்தாலும் அது நடக்கும் நேரத்தில் பார்ப்பவருக்கு ஏமாற்றமே மிஞ்சும். ஆபரேஷன் தியேட்டர் இல்லை, கத்தி இல்லை. ரத்தம் ஏற்றுவது போலவே ஒரு பை ஸ்டாண்டில் தொங்குகிறது. நெஞ்சருகே போட்ட குழாய் வழியே சொட்டுகிறது. செல்களை உறைய வைத்திருந்தால், உறைதலிலிருந்து காக்கும் ரசாயனம் நோயாளியின் மூச்சில் வெளியேறி அறையெல்லாம் பூண்டு வாடை அடிக்கும். யாரும் அந்தச் செல்களை எலும்புக்குள் கொண்டுபோய் வைப்பதில்லை. மஜ்ஜை வெளியிடும் ரசாயனச் சமிக்ஞையைப் பின்பற்றி அவையே வழி கண்டுபிடித்துப் போய் அமர்கின்றன. பிறகு இரண்டு மூன்று வாரம் தினமும் காலையில் ரத்தப் பரிசோதனை. நியூட்ரோஃபில் என்ற வெள்ளையணுக்களின் எண்ணிக்கை 500-ஐத் தாண்டி மூன்று நாள் நின்றால் ஒட்டிக்கொண்டது என்று அர்த்தம். கொடுத்தவர் பி பாசிட்டிவ், பெற்றவர் ஓ பாசிட்டிவ் என்றால், சில மாதங்களில் பெற்றவரும் பி பாசிட்டிவ் ஆகிவிடுவார். தம்பியின் மஜ்ஜை பெற்ற அக்காவின் ரத்தத்தில் ஒய் குரோமோசோம் ஓடும். கொடுத்தவரின் எதிர்ப்புச் செல்கள் மிச்சமிருக்கும் ரத்தப் புற்றையும் தேடி அழிக்கும். சில சமயம் அவை நோயாளியின் தோலையும் குடலையும் ஈரலையும்கூட அந்நியமென்று தாக்கும். இந்தச் சிகிச்சையின் மிகப் பெரிய சிக்கல் இன்றும் அதுதான்.

அடுத்தவரின் செல் வேண்டாம், நோயாளியின் செல்லையே திருத்திக் கொடுப்போம் என்பது அடுத்த படி. வேலூர் சிஎம்சியில் அலோக் ஸ்ரீவாஸ்தவா குழுவினர் கடுமையான ஹீமோஃபீலியா உள்ள ஐந்து பேரின் ஸ்டெம் செல்களை எடுத்து, ரத்தம் உறையத் தேவையான எட்டாம் காரணியின் மரபணுவை வைரஸ் வழியே ஏற்றித் திரும்பச் செலுத்தினார்கள். அதன் பிறகு ஐவருக்கும் ரத்தக் கசிவு நிகழவில்லை என்று 2024 டிசம்பரில் அறிவித்தார்கள். அரிவாளணு ரத்தசோகைக்கு, ஸ்டெம் செல்லில் மரபணுவைக் கத்தரித்துத் திருத்தும் சிகிச்சை 2023-ல் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் அனுமதி பெற்றது. அமெரிக்காவில் அதன் அறிமுக விலை 22 லட்சம் டாலர். இந்தியாவில் இந்த நோய் முதன்முதலில் 1952-ல் அடையாளம் காணப்பட்டது நம் நீலகிரிப் பழங்குடி மக்களிடம். அந்த விலைக்கும் அந்த மக்களுக்கும் நடுவே உள்ள தூரத்தை அறிவியல் மட்டும் குறைத்துவிட முடியாது.

ரத்தத்துக்கு வெளியே வெற்றி கண்ட இடங்கள் சிலவே. தோல் அவற்றில் ஒன்று. 2015-ல் ஜெர்மனியின் போஹும் நகரில் சிரியாவைச் சேர்ந்த ஏழு வயதுச் சிறுவன் ஒருவன் சேர்க்கப்பட்டான். தொட்டாலே தோல் உரிந்து போகும் பரம்பரை நோய். உடம்பின் பெரும்பகுதியில் மேல்தோலே இல்லை. இத்தாலியின் மொடேனாவிலிருந்த மிக்கேலே தெ லூக்கா குழு அவனுடைய தோலில் சிறு துண்டெடுத்து, பழுதான மரபணுவுக்குப் பதில் சரியானதை ஏற்றி, தாள் தாளாக வளர்த்து அனுப்பியது. அறுவைக் குழு உடலின் 80 சதவீதத்தை அதனால் மூடியது. மரபணு செல்லுக்குச் செல் வெவ்வேறு இடத்தில் ஒட்டியிருந்ததால் எந்தச் செல்லின் வம்சம் எது என்று பிறகு பிரித்தறிய முடிந்தது. ஒட்டுப்போட்ட செல்களில் மிகப் பெரும்பான்மை சில மாதங்களில் உதிர்ந்துபோயிருந்தது. முழுத் தோலையும் தாங்கி நின்றவை கொஞ்சமான நெடுங்கால ஸ்டெம் செல்களின் வம்சங்கள்.

இன்னொரு இடம் கண். கருவிழியின் ஓரத்தில், வெள்ளை விழி தொடங்கும் விளிம்பில், ஸ்டெம் செல்கள் ஒரு வளையமாக இருக்கின்றன. கருவிழியின் மேற்பரப்பைப் புதுப்பிப்பவை அவையே. வீட்டில் கிடக்கும் வெற்றிலைச் சுண்ணாம்புப் பாக்கெட்டைக் குழந்தை அழுத்த, அது பீய்ச்சிக் கண்ணில் அடித்துவிடும் விபத்து இந்தியக் கண் மருத்துவர்களுக்கு நன்கு பழக்கம். சுண்ணாம்பு அந்த வளையத்தைச் சுட்டுவிட்டால், கருவிழியை மட்டும் மாற்றிப் பயனில்லை. புதுப்பிக்க ஆளில்லாமல் அதுவும் மங்கிவிடும். ஹைதராபாத் எல்.வி.பிரசாத் கண் மருத்துவ நிறுவனத்தில் வீரேந்தர் சங்வான் குழு 2012-ல் விவரித்த முறை இதற்கானது. நல்ல கண்ணின் விளிம்பிலிருந்து சிறு கீற்று எடுத்து, எட்டு பத்துத் துணுக்குகளாக நறுக்கி, பனிக்குடச் சவ்வை விரித்துப் பரப்பிய பழுதுற்ற கண்மீது பசையிட்டு ஒட்டுகிறார்கள். ஆய்வகத்தில் வளர்க்கும் செலவு கிடையாது. செல்கள் கண்ணிலேயே பெருகிக்கொள்கின்றன.

ரத்தம், தோல், கருவிழி என்ற மூன்று இடங்களிலும் ஸ்டெம் செல் தான் பிறந்ததிலிருந்து செய்துவந்த வேலையையே புதிய இடத்திலும் செய்கிறது. மருத்துவர் இடம் மாற்றிக் கொடுக்கிறார், அவ்வளவுதான். இடுப்புக் கொழுப்பில் எடுத்த செல்லை முதுகுத்தண்டில் செலுத்தினால் அது நரம்பாகும், மூட்டில் செலுத்தினால் குருத்தெலும்பாகும், ஆட்டிசம் தீரும் என்று சொல்பவர்களிடம் இந்த ஒரு சோதனையை வைத்துப் பார்க்கலாம்: அந்தச் செல் அந்த வேலையை எப்போதாவது செய்திருக்கிறதா? அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் ஒரு கிளினிக் மூன்று பெண்களின் கண்களுக்குள் அவர்களின் கொழுப்பிலிருந்து எடுத்த செல்களைச் செலுத்தியது. மூவரும் பார்வையைப் பெருமளவு இழந்ததை 2017-ல் மருத்துவ இதழொன்று பதிவு செய்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் அதே ஆண்டு வெளியிட்ட நெறிமுறை தெளிவானது. ரத்தம் தொடர்பான நோய்களுக்கான மாற்றுச் சிகிச்சை தவிர மற்றவை ஆராய்ச்சி நிலையில் உள்ளவை. அவற்றைக் காசு வாங்கிச் சிகிச்சையாகக் கொடுப்பது தவறு.

தொப்புள்கொடி ரத்த வங்கிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1988-ல் பாரிஸில் எலியான் க்ளுக்மன் முதன்முதலாகத் தொப்புள்கொடி ரத்தம் செலுத்தி ஒரு சிறுவனைக் காப்பாற்றினார். அது அவனுடைய தங்கையின் கொடி ரத்தம், அவனுடையது அல்ல. தலசீமியா போன்ற மரபு நோய் வந்தால் குழந்தையின் சொந்தக் கொடி ரத்தத்திலும் அதே பழுதுதான் இருக்கும். ஒரு கொடியில் கிடைக்கும் அளவு வளர்ந்த மனிதருக்குப் பல நேரம் போதாது. கர்ப்பிணிகளை ஆஸ்பத்திரி வரவேற்பறையிலேயே மடக்கி, தவணைத் திட்டத்தோடு கையெழுத்து வாங்கும் பிரதிநிதிகள் இதைச் சொல்வதில்லை.

எதிர்காலம் என்று ஒன்று இல்லாமல் இல்லை. கியோட்டோவில் ஷின்யா யமனகா 2006-ல் எலியின் சாதாரணத் தோல் செல்லுக்குள் நான்கே நான்கு மரபணுக்களை ஏற்றி, கருவின் தொடக்க நிலைச் செல்லைப் போல ஆக்கிக் காட்டினார். அடுத்த ஆண்டு மனித செல்லிலும் அது முடிந்தது. 2012-ல் ஜான் கர்டனோடு நோபல் பெற்றார். இப்படிப்பட்ட செல் எதுவாகவும் மாறும். கட்டியாகவும் மாறும் என்பதுதான் தொல்லை. 2014-ல் கோபே நகரில் இதிலிருந்து வளர்த்த விழித்திரைச் செல்களை முதல் நோயாளிக்குப் பொருத்தினார்கள். இரண்டாம் நோயாளிக்காக உருவாக்கிய செல்களில் மரபுப் பிறழ்வுகள் தென்படவே மறு ஆண்டு நிறுத்திவைத்தார்கள். இப்போது நம்பிக்கை தரும் ஆய்வுகளில் ஸ்டெம் செல்லை அப்படியே உடலில் விடுவதில்லை. வளர்த்து ஆளாக்கி, முழுமை பெற்ற செல்லைத்தான் செலுத்துகிறார்கள். முதல் வகை நீரிழிவுக்காரர்களுக்கு இப்படி ஆக்கிய இன்சுலின் செல்களைக் கொடுத்த ஆய்வில், முழு அளவு பெற்ற 12 பேரில் 10 பேர் ஓராண்டு கழித்து ஊசியின்றி இருந்தார்கள் என 2025-ல் செய்தி வந்தது. ஆனால் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மாத்திரைகளை அவர்கள் விடாமல் விழுங்க வேண்டும்.

இன்று, இப்போதே பலன் தரும் வழி வேறு. ரத்தப் புற்றுநோயாளிக்கு உடன்பிறந்தவர் முழுமையாகப் பொருந்தும் வாய்ப்பு நான்கில் ஒன்று. பொருந்தாதபோது அந்நியர் ஒருவர் தேவைப்படலாம். அந்த அந்நியர் பெரும்பாலும் அதே இனப் பின்னணியில்தான் கிடைப்பார். டொரண்டோவிலோ சிங்கப்பூரிலோ உள்ள தமிழ் நோயாளிக்காகவும் இந்தியக் கொடையாளர் பட்டியல்களில் தேட வேண்டியிருப்பது இதனால். சென்னையில் 2009-ல் தொடங்கிய தாத்ரி அப்படி ஒரு பதிவகம். பதிவுக்குக் கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக்குச்சியால் தேய்த்துக் கொடுத்தால் போதும். பொருத்தம் வந்து அழைத்தால் ஐந்து நாள் ஊசி போடுவார்கள். அது ஸ்டெம் செல்களை மஜ்ஜையிலிருந்து ரத்தத்துக்குக் கிளப்பிவிடும். உடல்வலி இருக்கும். பிறகு நான்கைந்து மணி நேரம் ஒரு கையிலிருந்து ரத்தம் எந்திரத்துக்குப் போய், ஸ்டெம் செல் மட்டும் பிரிக்கப்பட்டு, மறு கையில் திரும்பும். சேர்ந்த பையைக் குளிர்ப்பெட்டியில் வைத்து ஒருவர் கையோடு விமானத்தில் கொண்டுபோவார். எக்ஸ்ரே எந்திரத்துக்குள் அனுப்பமாட்டார்கள். 72 மணி நேரத்துக்குள் நோயாளிக்கு ஏற்றியாக வேண்டும். கொடுத்தவரின் மஜ்ஜை சில வாரங்களில் பழைய அளவுக்கு வந்துவிடும்.